பதின்மூன்றாம் இழை

அப்புத்தளையில், டயர் கடைக்கு மேல்மாடி.
பதுளைக் கோச்சி ஏறிவரும்போது
மேசை நடுங்கும்; கையை எடுத்துவிடுவோம்.
கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகும்
இருபது எண்ணிவிட்டுத்தான்
மறுபடி கண்ணாடியைத் தொடுவது.

பதினாறு இழைகள், தலைமயிரின் தடிப்பு.
ஒவ்வொன்றும் முன்னதைவிட
இரண்டு மீட்டர் கூட.
ஏன் என்று கீழே டயர் மாற்றும் ரிஃப்கான் கேட்டான்.

கடலுக்கு அப்பால் ஒரு கூடம்.
அங்கே மிளகை விடச் சிறிய உருண்டை ஒன்றை
எல்லாப் பக்கமிருந்தும் லேசர் அறையும்.
அது உள்ளுக்குள் நசுங்கி
நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லாத நேரம்
சூரியனாக இருந்துவிட்டுப் போகும்.
கிட்ட நின்று பார்க்க எந்தக் கருவியாலும் ஏலாது.
இழையின் நுனி மட்டும் போய் நிற்கும்.

"அது சரி, நீளம் ஏன் வேற வேற?"

பார்க்கும் கமரா ஒன்றுதான்.
பதினாறு திசையின் ஒளியும் ஒன்றாய்க் கிளம்பும்.
ஒன்றாய் வந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து
எது எதுவென்று தெரியாது.
ஆகவே ஒவ்வொன்றையும்
கொஞ்சம் கூடுதலாய் நடக்க விடுகிறோம்,
இரண்டு மீட்டருக்கு ஏறக்குறையப் பத்து நானோசெக்கன்.

"அப்ப கியூ," என்றான்.
கியூதான். காஸுக்கு நின்ற வருடத்தில்
நாங்கள் எல்லோரும் படித்தது.
இதில் யாரும் முந்த முடியாது, அவ்வளவே வித்தியாசம்.

ஒரு நவம்பர்ப் பின்னேரம்
தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி
ஜன்னல் இடுக்கால் உள்ளே வந்து
வெட்டுமுகத்தில் ஈரமாய் உட்கார்ந்தது.
துடைத்தேன். மறுபடி வெட்டினேன்.
இரு மின்முனைக்கு நடுவே
நீலப் பொறி பாய்ந்த கணத்தில் கரண்ட் போனது.
பாதி உருகிய மூட்டு
வேர்க்குருபோல் வீங்கியிருந்தது.
அதை நறுக்கி எறிந்து
ஜெனரேட்டர் வந்ததும் மீதியை இணைத்தேன்.
அனோமா கையெழுத்திட்டாள்.
இருட்டுமுன்னே வான் கொழும்புக்குப் போய்விட்டது.

குப்பை டப்பாவில் கிடந்த துண்டு
மறுநாள் காலையில்தான் கண்ணில் பட்டது.
அளந்தேன்.
நான்கு சென்டிமீட்டர்.
ஒளிக்கு அது இருநூறு பிக்கோசெக்கன்,
அந்த உருண்டை பிறந்து, கொதித்து,
செத்துப்போகப் போதும்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.
ஈரக் கழிவு என்று சொல்லி
அம்மாவின் கொழுந்தில் நாளுக்கு இரண்டு கிலோ
கணக்கப்பிள்ளை வெட்டியதை
எங்கள் வீட்டில் இரவுச் சோற்றோடு பேசுவார்கள்.
ஈரத்தின் பேரில் இம்முறை
வெட்டியவள் நான்.

நாலாம் நாள் எழுதினேன்:
பதின்மூன்றாவது குறைச்சல். என் பிழை.
திருப்பி அனுப்புங்கள்.

பதில் இரண்டு வரி.
திருப்பத் தேவையில்லை, நாங்களும் அளந்தோம்.
கூடவே ஒரு அட்டவணை,
அதன் பதின்மூன்றாம் வரியில்
கூட்டுக: 0.196.

ஒவ்வொரு முறை சுடும்போதும்
அந்த எண்ணைக் கூட்டித்தான்
அந்தத் திசையை வாசிக்கிறார்கள்.
பெயர் இல்லை.
மூடுபனி என்றோ கரண்ட் என்றோ ஒரு குறிப்பும் இல்லை.
தசமத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம்.

ஆறு மாதத்தில் ஒரு துண்டு திரும்பி வந்தது, சோதிக்க.
நியூத்திரன் பட்டுப் பட்டு
கண்ணாடி பழுப்பேறியிருந்தது.
ஒரு நுனியில் விளக்கை வைத்தால்
ஒளி பாதி வழியில் தங்கிவிடுகிறது.
பார்க்கப் போனதுதான் அதன் நோய்.
எத்தனையாவது இழை என்று தெரியவில்லை,
லேபல் கருகியிருந்தது.

ரிஃப்கான் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.
"பிளேன்டி," என்றான்.
"இன்னும் கொஞ்சம் சாயம் விடலாம்."

கீழே தண்டவாளம் முனகத் தொடங்கியது.
கையை எடுத்தோம்.
ஒன்று. இரண்டு.